சேஃப் மென்பொருள்: ஸ்லாப்புக்கு நம்பி வாங்கலாம், பீமும் தூணும் சேரும் இடத்தில் மட்டும் நின்று பாருங்கள்

சேஃப், கட்டடத்தின் கான்கிரீட் தளங்களைக் கணக்கிட்டு டிசைன் செய்ய உதவும் நல்ல மென்பொருள். கீழே பாதிக்கு மேல் எச்சரிக்கையாகத்தான் எழுதப் போகிறேன், அதைப் படித்துவிட்டு யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் தளம் (ஸ்லாப்), கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே பலகை அடித்தளமான ராஃப்ட், பீம் இல்லாமல் தூண்மேல் நேராக உட்காரும் ஃபிளாட் ஸ்லாப் என்று தினமும் டிசைன் செய்கிறவர்களுக்கு இதைவிட வேகமாக வேலையை முடித்துத் தருகிற கருவிகள் குறைவு. ஆனால் பீம் வந்து தூணில் சேரும் அந்த ஒன்றரை அடி இடம் இருக்கிறதே, அங்கே இந்த மென்பொருள் காட்டும் எண் முழுக்க முழுக்க நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காமல் திரையில் வந்த எண்ணை அப்படியே கம்பியாக மாற்றுவதுதான் இன்று பல அலுவலகங்களில் நடக்கிறது. சரிபார்க்க வருகிற மாடல்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சேஃப், ஈடேப்ஸ், சாப்2000 மூன்றும் கலிபோர்னியாவைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. நிறுவனத்தின் மென்பொருள்கள். அஷ்ரஃப் ஹபீபுல்லா 1975-ல் தொடங்கிய நிறுவனம் அது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எட்வர்ட் வில்சன் எழுதிய சாப் நிரலின் வழிவந்த கணக்கு முறைதான் இன்றும் உள்ளே ஓடுகிறது. கட்டடம் முழுவதையும் ஈடேப்ஸில் போட்டுவிட்டு, ஒரு தளத்தை மட்டும் பிரித்து சேஃபுக்குக் கொண்டுவந்து ஸ்லாப் டிசைன் செய்வது வழக்கம். கான்கிரீட் டிசைனுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 456:2000 உள்ளேயே இருப்பதால் நம் ஊர் வேலைக்குத் தனியாக எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை.

நல்ல பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒழுங்கற்ற வடிவத் தளம், நடுவில் டக்ட் ஓட்டை, லிஃப்ட் சுவர், பால்கனி நீட்டல் எல்லாம் பிரச்சினையில்லாமல் வருகிறது. ஸ்ட்ரிப் எனும் பட்டையை வரைந்து அதன் அகலத்துக்கு மொமென்ட்டை, அதாவது வளைக்கும் திருப்புவிசையை, கூட்டி வாங்கும் முறை, கைக்கணக்கில் பழகியவருக்கு உடனே பிடிபடும். விரிசல் விட்ட ஸ்லாப்பின் தொய்வை க்ரீப் (நாள்பட்ட சுமையால் மெல்ல வளைவது), ஷ்ரிங்கேஜ் (கான்கிரீட் சுருங்குவது) சேர்த்துக் கணக்கிடும் வசதி அருமை. பார்ட்டிஷன் கட்டிய பிறகு வரும் தொய்வு ஸ்பானில் (தாங்கிகளுக்கு இடையிலான நீளம்) 350-ல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் கையால் ஒழுங்காகச் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லை, இங்கே அது நடக்கிறது. ராஃப்ட்டுக்கு மண் ஸ்ப்ரிங், அடித்தளம் மேலே தூக்கும் இடம் எல்லாம் நன்றாகவே வருகிறது. இதற்கெல்லாம் தாராளமாகப் பாராட்டலாம்.

இனி தூண் தலைக்கு வருவோம்.

மாடலில் ஸ்லாப் ஒரு பரப்பு, பீம் ஒரு கோடு, தூண் ஒரு புள்ளியில் வந்து முட்டுகிற இன்னொரு கோடு. நிஜத்தில் 600 மி.மீ. அகலத் தூண் ஒரு முழு சதுரமாக ஸ்லாப்பைத் தாங்குகிறது, மாடலிலோ அத்தனை சுமையும் ஒரே நோடில் இறங்குகிறது. மெல்லிய தகட்டுக் கோட்பாட்டில் புள்ளித் தாங்கிக்கு நேர் மேலே மொமென்ட்டுக்கு எல்லையே கிடையாது. அதனால்தான் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக ஸ்லாப்பைப் பிரிக்கும் சிறு கட்டங்களை, சிறிதாக்கச் சிறிதாக்க மொமென்ட் வண்ணப்படத்தில் அங்கே தெரியும் சிவப்புப் பொட்டு இன்னும் இன்னும் உயர்ந்துகொண்டே போகிறது. புதிதாக வரும் இன்ஜினியர்கள் இதைப் பார்த்து மெஷ் சரியில்லை என்று நினைத்து இன்னும் நுணுக்குகிறார்கள், எண் இன்னும் ஏறுகிறது, கடைசியில் பயந்துபோய் 16 மி.மீ. கம்பியை 100 மி.மீ. இடைவெளியில் போட்டுவிடுகிறார்கள். மென்பொருள் தவறாக எதுவும் செய்யவில்லை. எந்த நிறுவனத்தின் ஃபைனைட் எலிமென்ட் நிரலாக இருந்தாலும் புள்ளித் தாங்கியில் இதுதான் வரும். ஆகவே வண்ணப்படத்தின் உச்சியைப் படிக்காதீர்கள், ஸ்ட்ரிப்பின் கூட்டுத்தொகையைப் படியுங்கள்.

இதற்கு சேஃப் தரும் மருந்து இரண்டு. தூணின் செக்‌ஷன் பண்பிலேயே, தூண் பரப்பளவுக்கு ரிஜிட் ஜோனை (வளையாத இறுகிய பகுதி) தானாகச் சேர்க்கச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது. அல்லது நீங்களே ஸ்டிஃப் வகை ஸ்லாப் ஒன்றைத் தூணின் அளவுக்கு வரைந்துவிடலாம். இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: தூணின் தலைப்பரப்பு மொத்தமாகச் சேர்ந்து திரும்பும், ஸ்லாப்பும் பீமும் தூண் முகத்திலிருந்தே வளையத் தொடங்கும். கட்டடமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு மாடலை என்னிடம் யாராவது கொடுத்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தத் தேர்வு இயங்குகிறதா என்பதைத்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 6 மீட்டர் ஸ்பான், மீட்டருக்கு 40 கிலோநியூட்டன் சுமை, இரண்டு முனையும் இறுகப் பிடித்த பீம். நடுக்கோட்டில் மொமென்ட் 120 கிலோநியூட்டன் மீட்டர், ஷியர் (வெட்டுவிசை) 120 கிலோநியூட்டன். தூண் 600 மி.மீ. என்றால் முகம் 0.3 மீட்டரில் இருக்கிறது. அங்கே மொமென்ட் 120-லிருந்து 36-ஐக் கழித்து 1.8-ஐக் கூட்டினால் 85.8. அதாவது கிட்டத்தட்ட 28 சதவீதம் குறைவு. ஒரே வார்ப்பாகப் போட்ட கட்டுமானத்தில் தாங்கியின் முகத்தில் வரும் மொமென்ட்டுக்கு டிசைன் செய்யலாம் என்று ஐ.எஸ். 456-ன் 22.6.1 சொல்கிறது. எண்ட் ஆஃப்செட், அதாவது பீமின் முனை தூணின் முகத்தில்தான் இருக்கிறது என்ற தகவல், கொடுக்காத மாடலில் 120-க்குக் கம்பி போடுகிறோம். பாதுகாப்பான பக்கம்தானே என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் அந்த மேல்கம்பி எல்லாம் தூணின் நிலைக்கம்பிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். நான்கு பக்கமும் பீம் வருகிற தூணில் கம்பி நெருக்கி, கான்கிரீட் இறங்காமல், ஷட்டரிங் பிரித்ததும் தேன்கூடு தெரிகிற ஜாயிண்ட் எப்படிப் பாதுகாப்பாகும்?

எண்ட் ஆஃப்செட் பற்றி இன்னொன்று. ஆஃப்செட் நீளத்தை இணைப்பிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், சரி. அதனுடன் ரிஜிட் ஜோன் ஃபேக்டர் என்று ஒன்று வரும், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. பூஜ்யம் என்றால் எண்ணை முகத்தில் படிப்போம், ஆனால் விறைப்பு நடுக்கோடு வரை சாதாரண பீம்தான். ஒன்று என்றால் ஜாயிண்ட் முழுக்க இரும்புக் கட்டி மாதிரி. பொறியாளர் தன் அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும், பொதுவாக 0.5-ஐத் தாண்டாது என்று சி.எஸ்.ஐ. கையேடே சொல்கிறது. விரிசல் விடும் கான்கிரீட் ஜாயிண்ட்டுக்கு ஒன்று கொடுப்பவர்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்லாப்பில் ரிஜிட் ஜோனை இயக்கிவிட்டு, பீமிலும் ஃபேக்டர் ஒன்று கொடுத்தால் ஒரே ஜாயிண்ட்டை இரண்டு முறை விறைப்பாக்கிய கதையாகும், தொய்வு குறைவாகக் காட்டும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய விஷயம். வெளிச்சுவர் 9 இஞ்ச், அதற்குக் கீழே பீம் 230 மி.மீ., தூண் 600 மி.மீ., பீமின் வெளிமுகம் தூணின் வெளிமுகத்தோடு சமமாக இருக்க வேண்டும் என்பார் ஆர்க்கிடெக்ட். வரைபடத்தில் அழகாக இருக்கும். மாடலில் பீமின் நடுக்கோடு தூணின் புள்ளியிலிருந்து 185 மி.மீ. தள்ளி ஓடுகிறது. ஆட்டோகேடில் இருந்து கோடுகளை அப்படியே இறக்குமதி செய்தால், அந்தப் பீம் தூணைத் தொடவே இல்லை! திரையில் பார்த்தால் தூணின் சதுரத்துக்குள்ளே போகிற மாதிரி தெரியும், ஆனால் கணக்கில் பீமின் சுமை முழுவதும் 185 மி.மீ. அகல ஸ்லாப் வழியாகத்தான் தூணுக்குப் போகிறது. பீமின் முனை மொமென்ட் அநியாயத்துக்குக் குறைவாகவும் நடு மொமென்ட் அதிகமாகவும் வரும், தூண் பக்கத்து ஸ்லாப்பில் ஷியர் எகிறும். எச்சரிக்கை எதுவும் வராது, ஏனென்றால் கணிதப்படி மாடலில் பிழையே இல்லை.

இதற்கும் வழி இருக்கிறது. பீமைத் தூணின் புள்ளிக்கே வரைந்துவிட்டு, இன்சர்ஷன் பாயிண்ட் என்ற தேர்வில் பக்கவாட்டாக 185 மி.மீ. தள்ளுங்கள். அல்லது பீம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், தூணின் முழுப் பரப்புக்கும் ரிஜிட் ஜோன் இருந்தால் பீம் அதற்குள் வந்து பிடித்துக்கொள்ளும். எதைச் செய்தாலும் அப்புறம் அந்தத் தூணின் மொமென்ட்டைத் திறந்து பாருங்கள்: பீமின் ரியாக்‌ஷனை 0.185-ஆல் பெருக்கினால் வருகிற மொமென்ட் அளவுக்கு ஏதாவது அங்கே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இணைப்பு விழவில்லை.

தூண் எவ்வளவு பிடிக்கிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. ஒரு தளத்தை மட்டும் பிரித்து எடுக்கும்போது கீழ்த்தூணின் அடிமுனை என்ன ஆகிறது, மேல்தூண் மாடலில் இருக்கிறதா இல்லையா? 300×600 தூண், எம்30 தரக் கான்கிரீட், உயரம் 3.2 மீட்டர் என்று வையுங்கள். அடியில் இறுகப் பிடித்திருந்தால் நீளமான பக்கத்தில் அதன் சுழல் விறைப்பு ரேடியனுக்குச் சுமார் 1,85,000 கிலோநியூட்டன் மீட்டர். குட்டைப் பக்கத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். அடியில் சுழல விடும் ‘பின்’ இணைப்பு என்று விட்டால் இரண்டுமே கால்வாசி குறையும். மேல்தூணும் இருந்து அதுவும் அதே அளவு என்றால் மொத்தம் இரட்டிப்பு. அப்படியானால் இடைத்தளத்தை மாடல் செய்யும்போது மேல்தூணை விட்டுவிட்டால் தூணின் பிடிமானத்தில் பாதியை விட்டுவிடுகிறோம். ஸ்லாப்பின் நடு மொமென்ட் அதிகமாக வரும், அது போகட்டும், ஆனால் தூணுக்குப் போகிற மொமென்ட் குறைவாக வரும். அது ஆபத்து.

ஏன் ஆபத்து என்பதை ஃபிளாட் ஸ்லாப்பில் பார்த்தால் புரியும். அங்கே பயம் பஞ்சிங், அதாவது தூண் ஸ்லாப்பைத் துளைத்துவிடுவது. 225 மி.மீ. ஸ்லாப், பயனுறு ஆழம் (கம்பி வரையான ஆழம்) 190, தூண் 500×500, 6×6 மீட்டர் கட்டம், பாதுகாப்புக்கான பெருக்கு எண் போட்ட சுமை சதுர மீட்டருக்கு 15 கிலோநியூட்டன். தூணுக்கு வருவது 540 கிலோநியூட்டன். முகத்திலிருந்து ஆழத்தில் பாதி தள்ளிச் சுற்றளவு 2,760 மி.மீ., எனவே நேரடி ஷியர் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 1.03 நியூட்டன். எம்30-க்கு அனுமதி 1.37. தாராளமாக இருக்கிறது. இப்போது தூணுக்கு 60 கிலோநியூட்டன் மீட்டர் சமனற்ற மொமென்ட் போகிறது என்று வையுங்கள். சதுரத் தூணில் அதில் 40 சதவீதம் ஷியராகப் போகும், அழுத்தம் 1.23 ஆகும், விகிதம் 0.89, பாஸ். அதே மொமென்ட் 120 ஆனால் விகிதம் 1.04, ஃபெயில். ஒரே ஸ்லாப், ஒரே சுமை. மாறியது தூணின் முனையைப் பற்றி மாடலில் நாம் சொன்னது மட்டும். திரையில் பச்சையாகத் தெரிகிற பஞ்சிங் விகிதத்தைப் பார்த்து நிம்மதியடைவதற்கு முன் தூண் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

மீதி 60 சதவீத மொமென்ட்டும் சும்மா போய்விடாது. அது தூண் அகலத்தோடு இருபுறமும் ஒன்றரை மடங்கு ஸ்லாப் தடிமன் சேர்ந்த அகலத்துக்குள் வளைவாகப் போக வேண்டும். மேலே சொன்ன ஸ்லாப்பில் அது 1,175 மி.மீ. சேஃபில் தூண் வரிசைமேல் ஓடும் காலம் ஸ்ட்ரிப்போ 3 மீட்டர் அகலம், கம்பியை அந்த 3 மீட்டருக்கும் சமமாகப் பிரித்துச் சொல்லும். எனவே தூணுக்கு நேர் மேலே எத்தனை கம்பி நெருக்க வேண்டும் என்பதை டீடெயிலிங் செய்பவர் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம், பீம் வந்து சேருகிற தூண்களில் பஞ்சிங் முடிவுக்குப் பதில் ‘கணக்கிடவில்லை’ என்ற குறிப்பு வருவதைப் பார்க்கலாம். அதைப் பாஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பீம் ஆழமாக இருந்தால் ஷியர் பீம் வழியே போகும், சரி. ஸ்லாப்பைவிட 50 மி.மீ. மட்டும் ஆழமான பட்டை பீம் என்றால் அங்கே பஞ்சிங்கைக் கையால் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

டார்ஷன், அதாவது முறுக்கம், பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓரப் பீமில் ஸ்லாப்பின் முனை மொமென்ட் முறுக்கமாக மாறித் தூணுக்குப் போகிறது. எல்லாவற்றையும் முழு விறைப்போடு விட்டால் ஓரப் பீம் எல்லாம் டார்ஷனில் சிவப்பாகும், உடனே எல்லோரும் பீமின் முறுக்க விறைப்பைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்க, டார்ஷன் மாறிலியின் பெருக்கு எண்ணை 0.01 என்று மாற்றிவிடுகிறார்கள். ஐ.எஸ். 456-ன் 41.1 இதை அனுமதிக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த முறுக்கம் இல்லாமலும் கட்டமைப்பு நிற்க வேண்டும். ஓரப் பீமுக்கு உள்பக்கம் ஸ்லாப் தொடர்ந்து போனால் சரி. ஓரப் பீமிலிருந்து வெளியே நீட்டிய சன்ஷேட், உள்பக்கம் ஓட்டை அல்லது தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாப் என்றால், நீட்டலைப் பிடித்திருப்பதே பீமின் முறுக்க வலுதான். அங்கே 0.01 கொடுத்தால், இருக்கிற ஒரே பிடிமானத்தை மாடலிலிருந்து எடுத்துவிட்டுக் கட்டடத்தில் கம்பி போடாமல் விடுகிறோம். எல்லாப் பீமையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே மாற்றம் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள் என்று ஜூனியர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பீம் ஸ்லாப்புக்குக் கீழே தொங்குகிற விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பீமின் மையம் ஸ்லாப்பின் மையத்துக்குக் கீழே இருப்பதை மாடலில் அப்படியே சேர்த்தால் ஸ்லாப்பும் பீமும் சேர்ந்த டி-பீம் விறைப்பு தானாக வந்துவிடும், தொய்வு நிஜத்துக்கு நெருங்கும். ஆனால் மொமென்ட்டில் ஒரு பகுதி பீமில் இழுவையாகவும் ஸ்லாப்பில் அமுக்கமாகவும் பிரிந்துபோகும். பீமின் மொமென்ட் படத்தை மட்டும் பார்த்தால் குறைவாகத் தெரியும். பீம் சுமையை எடுத்து, ஸ்பான் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்து, நடு மொமென்ட்டோடு முனைகளின் சராசரியைச் சேர்த்தால் அது வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மீதி அந்த இழுவையில் இருக்கிறது, அல்லது ஸ்லாப் வழியே நேராகத் தூணுக்குப் போய்விட்டது. ஒரு பீமுக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஈடேப்ஸிலிருந்து கொண்டுவரும்போது மூன்று வழி கேட்கும்: தளத்தின் சுமை மட்டும்; அதோடு மேலிருந்து வரும் சுமையும்; அல்லது தளத்தின் சுமையோடு தூண், சுவர் இடப்பெயர்ச்சிகளும். மேல்தூண்களைத் தாங்கும் டிரான்ஸ்ஃபர் ஸ்லாப்புக்கும் ராஃப்ட்டுக்கும் மேலிருந்து வரும் சுமை இல்லாமல் கணக்கே இல்லை. ஃபிளாட் ஸ்லாப்பில் நிலநடுக்கத்தால் தூண் தலையில் வருகிற மொமென்ட் வேண்டுமென்றால் மூன்றாவது வழி. விறைப்புக் குறைப்பும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், நிலநடுக்க விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893:2016 பீமுக்கு 0.35, தூணுக்கு 0.7 என்கிறது, ஒன்றில் கொடுத்து மற்றதில் விட்டால் ஜாயிண்ட்டில் மொமென்ட் பிரிவதே மாறிவிடும்.

பென்ட்லி நிறுவனத்தின் ராம் கான்செப்ட் மென்பொருளோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். அங்கே பீம் தனிக் கோடாக வராது, தடிமன் கூடிய ஸ்லாப் பகுதியாக வரும், முறுக்கம் வேண்டாத பீம் என்று அந்தப் பகுதிக்கே சொல்லலாம். தூணுக்கு இந்தப் பக்க முனை, தூர முனை இரண்டும் இறுகலா தளர்வா என்று நேராகவே கேட்கும், அதனால் நான் மேலே சொன்ன பிடிமானக் கேள்வியை யோசிக்காமல் தாண்டிப் போக முடியாது. இந்த ஒரு விஷயத்தில் கான்செப்ட்டின் வடிவமைப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பீம் அதிகமாக இருக்கும் நம் ஊர்த் தளங்களுக்கும், ஈடேப்ஸ் ஏற்கெனவே ஓடுகிற அலுவலகத்துக்கும் சேஃபே வசதி. 20-ம் பதிப்பிலிருந்து முகப்பும் ஈடேப்ஸ் மாதிரியே ஆகிவிட்டதால் புதியவர்களுக்குப் பழகுவது எளிது. 2016 பதிப்பில் கைபழகியவர்களுக்கு மெனுக்களைத் தேடக் கொஞ்ச நாள் ஆகும்.

உதவிக் கையேடுகளும் சி.எஸ்.ஐ.யின் இணைய அறிவுத்தளமும் தரமானவை, ஐ.எஸ். 456-க்கான டிசைன் கையேட்டைக் கட்டாயம் படியுங்கள், எந்தப் பிரிவை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று சமன்பாட்டோடு இருக்கிறது. ஈடேப்ஸிலேயே இப்போது ஸ்லாப் டிசைன் வசதி வந்துவிட்டதால், பீம்-ஸ்லாப் குடியிருப்புகள் மட்டும் செய்கிறவர்கள் தனியாக சேஃப் லைசென்ஸ் எடுப்பதற்கு முன் யோசிக்கலாம். ராஃப்ட், ஃபிளாட் ஸ்லாப், போஸ்ட் டென்ஷன் (கம்பியை இழுத்து இறுக்கும் ஸ்லாப்) அடிக்கடி வருகிறது என்றால் எடுங்கள், செலவு வீண் போகாது.